பூவைச் சிறிதாக்கு, கூலியைக் குறைக்காதே: ஹங்கேரியின் மத்யோ எம்பிராய்டரியில் ஒரு சிறுதொழில்

ஹங்கேரியின் வடகிழக்கில், ப்யூக் மலையடிவாரம் முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் மெஸோகோவெஷ்ட் என்ற சிறுநகரம் இருக்கிறது. பக்கத்திலேயே தார்ட், ஸெண்டிஷ்ட்வான் என்று இரண்டு கிராமங்கள். இந்த மூன்று ஊர்க்காரர்களையும் சேர்த்து மத்யோ மக்கள் என்பார்கள். கறுப்புத் துணியில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு ரோஜாக்கள், இடையில் மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று இடமே விடாமல் நிரப்பிய எம்பிராய்டரிதான் இவர்களின் அடையாளம். 2012-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பூவேலையை வைத்து இன்று ஒருவர் சிறுதொழில் தொடங்கினால் அது நிற்குமா? எந்த வடிவத்தில் நிற்கும்? அதைப் பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு. கைத்தொழில் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் மரபு, அழகு, பெருமை என்று மூன்று சொற்கள் வரும். ஒரு பூவுக்கு எத்தனை மணி நேரம், அந்த நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி வராது. மத்யோ ஊர்களின் 150 ஆண்டுக் கதையைப் பார்த்தால், தொழில் நின்றதும் விழுந்ததும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்துத்தான் என்று தெரிகிறது.

பூ எங்கிருந்து வந்தது

மத்யோ ரோஜா முதலில் துணியில் பூத்ததல்ல. ஆட்டுத்தோல் மேலங்கி தைக்கும் ஆண்கள் தங்கள் தோல் வேலையில் பட்டுநூலால் போட்ட பூக்கள்தான் இதற்கு மூலம். பெண்கள் வீட்டில் நெய்த வெள்ளைத் துணியில் சிவப்பும் நீலமுமாகப் பருத்தி நூலில் எளிய வேலைகளைச் செய்துவந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தோல் வேலைக்காரர்களின் ரோஜா படுக்கை விரிப்புக்கும் சட்டைக் கைக்கும் முன்றானைக்கும் (இடுப்பில் முன்பக்கம் கட்டும் ஏப்ரன் போன்ற துணி) இறங்கி வந்தது. கடையில் பல நிற நூல் கிடைக்கத் தொடங்கியதும் பூ பெருத்தது, நிறம் கூடியது, வெற்றிடம் குறைந்தது.

முன்றானை என்றதும் பெண்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். இளைஞர்களும் இடுப்பில் கறுப்பு முன்றானை கட்டுவார்கள். நீளமானது, ஒடுங்கலானது, கீழ்ப்பாதி முழுக்கப் பூவேலை. காதலி தைத்துக் கொடுப்பாள். ஊரில் ஒரு கதையும் உண்டு. ஒரு பெண்ணின் காதலனைப் பிசாசு பிடித்துக்கொண்டு போய்விட்டது. உன் முன்றானை நிறையக் கோடைக்காலப் பூக்களைக் கொண்டுவந்தால் விட்டுவிடுகிறேன் என்றது. அப்போது கடுங்குளிர்காலம், வெளியே ஒரு பூவும் கிடையாது. அவள் உட்கார்ந்து முன்றானையிலேயே பூக்களைத் தைத்துக் கொண்டுபோய் அவனை மீட்டாள். இன்றைக்கு இந்தப் பூவேலையை விற்பவர்கள் எல்லாருமே இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், நல்ல கதைதான். நான் இதில் கவனிப்பது வேறு ஒன்றை. குளிர்காலத்தில், வேறு வேலை இல்லாத நாட்களில், விலை கேட்காமல் செய்த உழைப்பு இது. தொழிலாக மாறும்போது முதலில் மாறுவது அதுதான்.

வரைகிறவர் ஒருவர், தைக்கிறவர் இன்னொருவர்

எம்பிராய்டரி என்றால் ஒரே பெண் உட்கார்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை செய்வதாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். மெஸோகோவெஷ்ட்டில் அப்படி இல்லை. துணியில் பூவை வரைவது தனித் தொழில். ஊரில் சில பெண்கள் மட்டுமே அதில் தேர்ந்தவர்கள். மற்றவர்கள் துணியை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்து, வரைவதற்குக் கூலி கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்துக்கொள்வார்கள். அச்சு இல்லை, அளவுகோல் இல்லை. நம் பெண்கள் வாசலில் மனத்திலிருந்து கோலத்தை இறக்குவது போல நேரே துணியில் பேனாவை வைத்து இழுப்பார்கள்.

இவர்களில் புகழ்பெற்றவர் கிஷ் யன்கோ போரி. 1876-இல் பிறந்து 1954-இல் இறந்தவர். 'நூறு ரோஜா' என்று அழைக்கப்படும் விரிப்பு வடிவம் அவருடைய பெயரோடு சேர்ந்தது. ஒரே துணியில் நெருக்கமாக நிரம்பிய ரோஜாக்கள், ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இராது. 1953-இல் ஹங்கேரிய அரசு நாட்டுப்புறக் கலை மேதை என்ற விருதை ஏற்படுத்தியபோது முதலில் பெற்றவர்களில் அவரும் ஒருவர். மெஸோகோவெஷ்ட்டின் ஹடஷ் பகுதியில் அவர் வாழ்ந்த ஓலைக்கூரை வீடு இன்று நினைவில்லம். அவர் பெயரில் நாடளாவிய எம்பிராய்டரிப் போட்டியும் நடக்கிறது.

தொழில் தொடங்க நினைப்பவருக்கு இந்தப் பிரிவினை மிக முக்கியம். இங்கே விற்பனைக்கு இருப்பவை இரண்டு: ஒன்று வரைவு, இன்னொன்று தையல் மணி நேரம். வரைவு ஒரு தடவை செய்தால் பல தடவை பயன்படும். தையல் அப்படியல்ல, ஒவ்வொரு துணிக்கும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். தொழிலின் மூலதனம் வரைவில் இருக்கிறது, செலவு தையலில் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் தொடங்குகிறவர், நல்ல வரைவுக்குப் பணம் ஒதுக்காமல் இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துக்கொண்டு, தையல் கூலியில் கைவைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். அது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும்.

1896-இல் வந்த வாடிக்கையாளர்கள்

1896-இல் ஹங்கேரி தன் ஆயிரமாவது ஆண்டைப் பெரிய கண்காட்சியாகக் கொண்டாடியது. புடாபெஸ்டில் அமைத்த மாதிரிக் கிராமத்தில் ஒரு மத்யோ வீடும் இருந்தது. தலைநகரத்து மக்கள் இந்தப் பூவேலையைப் பார்த்து வியந்தார்கள். அப்புறம் ஆர்டர்கள் வந்தன. மேல்தட்டுப் பெண்களுக்கு மேசை விரிப்பு, தலையணை உறை, ரவிக்கை.

அதுவரை தனக்கும் தன் வீட்டுத் திருமணத்துக்கும் தைத்தவள் இப்போது முகம் தெரியாத ஒருத்திக்குத் தைத்தாள். இடையில் வியாபாரி வந்தான். துணியும் நூலும் கொடுத்து, வீடு வீடாக வேலையைப் பிரித்து, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வாங்கிப்போய் விற்றான். மத்யோ மக்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். கோடையில் குடும்பத்தோடு தொலைதூரப் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போய் அறுவடை முடித்துத் திரும்புகிறவர்கள். குளிர்கால மாதங்களில் கையில் வேறு வருமானம் கிடையாது. அந்தக் கட்டாயத்தில் இருப்பவள் கேட்கிற கூலி எவ்வளவு குறைவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மத்யோ பூவேலை உலகப் புகழ் பெற்றதும் தைத்தவள் ஏழையாகவே இருந்ததும் ஒரே காலத்தில் நடந்தன.

ஆனால் அதே மக்கள் தங்கள் உடைக்குச் செலவழிப்பதில் குறை வைக்கவில்லை. வயிறு கத்தினாலும் பரவாயில்லை, உடை மின்ன வேண்டும் என்ற பொருளில் அவர்களிடம் எதுகையோடு ஒரு பழமொழி உண்டு. ஆலையில் செய்த தங்கநிறச் சரிகையையும் பளபளக்கும் மணிகளையும் கோடைக்கூலி முழுக்கக் கொடுத்து வாங்கினார்கள். 1920-களின் நடுவில் தேவாலயம் தலையிட்டுச் சரிகையைத் தடைசெய்தது. கழற்றிக் கொடுத்ததைப் பொது இடத்தில் எரித்தார்கள். அதன் பிறகு அலங்காரத்தின் முழுப் பாரமும் நூல் மேல் விழுந்தது, பூவேலை இன்னும் அடர்ந்தது என்று சொல்கிறார்கள். ஏழைகளின் ஆசையை இப்படி எரித்தது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. தொழிலின் கோணத்தில் பார்த்தால், வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய மினுக்கம் போய், தங்கள் கையிலிருந்தே வந்த அலங்காரம் மட்டும் மிஞ்சியது.

1951-இல் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வரைபவர்களுக்கும் தைப்பவர்களுக்கும் ஒழுங்கான வேலை, ஓய்வூதியம், ஏற்றுமதி எல்லாம் அதனால் கிடைத்தன. 1953-இல் ஏற்பட்ட மதிப்பீட்டு அமைப்பு எது நல்ல நாட்டுப்புறக் கைவினை, எது இல்லை என்று பார்த்துச் சான்று தரத் தொடங்கியது. 1989-இல் கம்யூனிச ஆட்சி சரிந்த பிறகு அரசு ஏற்பாடும் கிழக்கு ஐரோப்பியச் சந்தையும் போனபோது நாடு முழுக்க இத்தகைய கூட்டுறவுகள் சிதைந்தன. இந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. நம் கேள்விக்கு வேண்டியது இது மட்டும்: 1990-களில் கை தெரிந்த பெண்கள் இருந்தார்கள், வாங்கி விற்க யாரும் இல்லை. 1991-இல் மெஸோகோவெஷ்ட்டில் தொடங்கிய மத்யோ நாட்டுப்புறக் கலைச் சங்கமும் அதன் போர்ஷோகா எம்பிராய்டரி வட்டமும்தான் அறிவு அறுந்துபோகாமல் பிடித்துவைத்தன. யுனெஸ்கோவுக்குப் போன கோப்புக்கும் இந்தச் சங்கத்தின் உழைப்புதான் அடிப்படை.

தார்ட் கிராமத்து டி-ஷர்ட்

சங்கம் அறிவைக் காக்கும், கூலி கொடுக்காது. கூலிக்கு வழி காட்டியது தார்ட் கிராமத்தில் 2010 வாக்கில் எழுந்த மத்யோ டிசைன் என்ற குடும்பத் தொழில். அவர்கள் செய்தது கேட்க எளிது. விரிப்பையும் முன்றானையையும் விட்டுவிட்டு, தினசரி போடுகிற டி-ஷர்ட்டில், சட்டையில் ஒரு சிறிய கொத்து மட்டும் கையால் தைத்தார்கள். தைத்தவர்கள் ஊர்ப் பெண்கள், பலரும் வயதானவர்கள். வாங்கியவர்கள் புடாபெஸ்டிலும் வெளிநாட்டிலும் இருக்கும் இளையவர்கள். பாட்டியின் அலமாரியில் இருந்ததைத் தெருவில் போட்டுக்கொண்டு நடக்கும் உடையாக்கினார்கள்.

மரபு தெரிந்தவர்களில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். மத்யோ என்றாலே இடம் விடாமல் நிரப்புவதுதானே, நடுவில் ஒரே ஒரு பூ எப்படி மத்யோ ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு வழி இல்லை என்பது தெரியும்.

2025-இல் ஹங்கேரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,90,800 ஃபோரிண்ட். தேர்ச்சி வேண்டிய வேலைக்கு 3,48,800. அதை மணிக்கணக்கில் பிரித்தால் ஏறத்தாழ 2,000 ஃபோரிண்ட். நம் பணத்தில் 500 ரூபாய் அளவில் வரும். எம்பிராய்டரி தேர்ச்சி வேண்டிய வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆகவே 2,000-த்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்வோம்.

இனி இரண்டு பொருள்களை மாதிரிக்குப் பார்ப்போம். முதலாவது, முழுக்க நிரப்பிய ஒரு தலையணை உறை. நல்ல கைக்கு 60 மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூலி மட்டும் 1,20,000 ஃபோரிண்ட், அதாவது 30,000 ரூபாய். துணி, நூல், வரைவு, விற்பவரின் பங்கு எதுவும் இதில் சேரவில்லை. இந்த விலைக்கு வாங்குபவர் இருக்கிறார், ஆனால் ஆண்டுக்கு எத்தனை பேர்? ஒரு தொழிலை மாதா மாதம் ஓட்ட அவர்கள் போதமாட்டார்கள்.

இரண்டாவது, உள்ளங்கை அகலத்தில் ஒரு கொத்து போட்ட டி-ஷர்ட். இரண்டரை மணி நேரம் என்று வைப்போம். தையல் கூலி 5,000. தைக்காத நல்ல பருத்தி டி-ஷர்ட் 4,000. நூல், தாங்குதுணி, லேபிள், பொதி எல்லாம் சேர்த்து 1,000. ஆக 10,000. இதன் மேல் வரைவுக்கும் நிர்வாகத்துக்கும் வரிக்கும் தொழில் நடத்துபவரின் சாப்பாட்டுக்கும் 40 சதவீதம் சேர்த்தால் 14,000. விற்பனைத் தளத்தின் கழிவு 10 சதவீதம் போனாலும் கைக்கு இது வர வேண்டுமென்றால் 15,500 முதல் 16,000 ஃபோரிண்ட் விலை வைக்க வேண்டும். ஏறத்தாழ 4,000 ரூபாய். கையால் தைத்த ஓர் உடைக்கு ஐரோப்பாவில் இது கேட்கக் கூசும் விலை அல்ல.

இரண்டு பொருளிலும் தைத்தவளுக்கு மணிக்கு ஒரே கூலி. மாறியது பூவின் பரப்பு மட்டும். ஒரு மணி நேரக் கூலியைக் குறைத்து விலையை இறக்கினால் 1900-களின் வியாபாரி செய்ததையே திரும்பச் செய்கிறோம். மணி நேரத்தின் எண்ணிக்கையைக் குறைத்து விலையை இறக்கினால் யாரும் ஏமாறுவதில்லை. இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

சிறிதாக்குவதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பெரிய வடிவத்தை அப்படியே சுருக்கினால் பூ கெட்டுப்போகும். மத்யோ ரோஜா உள்ளுக்குள் பல வளையங்களாக, வளையத்துக்கு ஒரு நிறமாக, இழைகளை நெருக்கமாக அடுத்தடுத்துப் போடும் சாட்டின் தையலில் நிரம்புவது. சுருக்கும்போது ஒவ்வொரு வளையமும் இரண்டு இழை அகலத்துக்கு வந்துவிட்டால் தையல் படுக்காது, வெறும் குழப்பமாகத் தெரியும். சிறிய கொத்துக்கென்றே புதிதாக வரைய வேண்டும், வளையத்தைக் குறைக்க வேண்டும், நிறத்தை ஐந்து ஆறுக்குள் நிறுத்த வேண்டும். இங்கேதான் தேர்ந்த வரைகிறவரின் அருமை தெரிகிறது.

டி-ஷர்ட் துணியில் இன்னொரு சிக்கல் உண்டு. அது இழுபடும். பழைய முன்றானைத் துணி விறைப்பானது, நூலைத் தாங்கிக்கொண்டது. இழுபடும் துணியில் பின்பக்கம் தாங்குதுணி வைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே பூ சுருங்கி மடிந்துவிடும். சிவப்பு நூல் சாயம் விடாததாக இருக்க வேண்டும். வெள்ளை டி-ஷர்ட்டில் ஒரு தடவை சாயம் ஊறினால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். நூலில் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பேன். மொத்த விலையில் நூலின் பங்கு மிகச் சிறியது, கெடுதி மிகப் பெரியது.

ஊசி பிடிக்க யார் இருக்கிறார்கள்

தைக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியம் வாங்கும் வயதுப் பெண்கள். ஹங்கேரியச் சட்டம் இதில் ஓரளவு கைகொடுக்கிறது. ஓய்வூதியர் ஒருவரை வேலைக்கு வைத்தால் முதலாளி கட்ட வேண்டிய 13 சதவீதச் சமூகப் பங்களிப்பு வரி கிடையாது. வேலை செய்பவரின் சம்பளத்தில் 15 சதவீத வருமான வரி மட்டுமே பிடிக்கப்படும். முறையாகப் பதிவு செய்து கூலி கொடுப்பது அதனால் எட்டாத காரியம் அல்ல. பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போகும் பழக்கத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

கூலியைத் துண்டுக்கு வைப்பதா, மணிக்கு வைப்பதா? வீட்டில் உட்கார்ந்து, சமையலுக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையில் தைப்பவரிடம் மணிக்கணக்கு பார்ப்பது நடக்காது. துண்டுக்குத்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்படியானால் அந்தத் துண்டை நடுத்தர வேகமுள்ள ஒருவர் தைக்க எவ்வளவு நேரமாகிறது என்று முன்கூட்டியே அளந்து, மணிக்கூலியால் பெருக்கி, அந்தக் கணக்கை எல்லாருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். மிக வேகமான கையை வைத்து அளந்தால் மற்றவர்கள் எல்லாரும் நட்டப்படுவார்கள்.

அடுத்த தலைமுறைதான் பெரிய கவலை. 70 வயதுக் கண்களை நம்பி ஐந்து ஆண்டுத் திட்டம் போட முடியாது. தொடங்கும்போதே இரண்டு இளையவர்களைச் சம்பளத்தோடு பழக்குவது செலவுதான், ஆனால் தொழில் நீடிக்க வேண்டுமானால் இந்தச் செலவைத் தள்ளிப்போட முடியாது. போர்ஷோகா போன்ற வட்டத்தோடு சேர்ந்து செய்தால் பாரம் குறையும்.

போலியும் முத்திரையும்

புடாபெஸ்டின் சுற்றுலாத் தெருக்களில் மத்யோ மாதிரியும் கலோச்சா ஊர்ப் பூவேலை மாதிரியும் மலை போல் குவிந்திருக்கின்றன. பலவும் இயந்திரத் தையல், சில வெறும் அச்சு. கைவேலை என்று சொல்லியே விற்கப்படுவதும் உண்டு. இவற்றோடு விலையில் போட்டியிட வழியே இல்லை.

இயந்திரம் என்றாலே போலி என்று நான் சொல்லவில்லை. தெற்கே கலோச்சாவில் துளைவேலையைத் தையல் இயந்திரத்தில் செய்வது தலைமுறைகளாக வந்த வழக்கம். அதுவும் மனிதக் கை ஓட்டுகிற வேலைதான். இயந்திரத்தில் செய்ததை இயந்திரம் என்றே சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் ஒரு தவறும் இல்லை. ஒரே கடையில் இரண்டையும் பெயரில்லாமல் கலந்து வைப்பதுதான் கைவேலையைக் கொல்கிறது.

போலிகளை எதிர்க்க உள்ள கருவிகளில் முதலாவது மதிப்பீடு. புடாபெஸ்டில் உள்ள ஹங்கேரிய மரபு இல்லம் கைவினைப் பொருள்களை நிபுணர் குழுவிடம் வைத்துப் பார்த்துத் தேர்வு செய்கிறது. தேர்வான பொருளுக்கு எண் கிடைக்கும். தொடர்ந்து தேர்வாகும் கைவினைஞர் 'நாட்டுப்புறப் பயன்கலைஞர்' என்ற பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிறிய கொத்து போட்ட டி-ஷர்ட்டைக் குழு ஏற்குமா என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது: ஒரு முழுநீள மரபுப் பொருளையும் செய்து கொண்டுபோங்கள். கைக்கு அந்த வலிமை இருக்கிறது என்பதை அது நிறுவும். அது விற்காமல் கடைச் சுவரில் தொங்கினாலும் பரவாயில்லை.

இரண்டாவது, சொந்த முத்திரை. இதற்கு ஹங்கேரியிலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. கிஷ்குன்ஹலாஷ் நகரில் 1902-இல் டேகானி ஆர்பாத் என்ற ஓவிய ஆசிரியர் வரைய, மார்கோவிச் மாரியா என்ற தையற்பெண் ஊசியால் செய்த நூல் பின்னல் 'ஹலாஷ் லேஸ்' ஆயிற்று. நூற்றாண்டுப் பழமை எதுவும் அப்போது அதற்கு இல்லை. ஒரு வரைபவரும் ஒரு தைப்பவரும் சேர்ந்து புதிதாகத் தொடங்கியது. உண்மையான ஹலாஷ் லேஸில் மூன்று மீன்கள் பின்னிய அடையாளம் இருக்கும், வாங்குபவர் அதைத் தேடிப் பார்க்கிறார். லேபிளில் ஒட்டாமல் வேலைக்குள்ளேயே அடையாளத்தை வைத்தது அவர்களின் கெட்டிக்காரத்தனம்.

மூன்றாவது, புதியது. கைவினைப் பொருள்களுக்கும் தொழிற்பொருள்களுக்கும் புவிசார் குறியீடு தரும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2023-இல் நிறைவேறி 2025 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை உணவுக்கும் மதுவுக்கும் இருந்த பாதுகாப்பு இப்போது ஊசிநூலுக்கும் திறந்திருக்கிறது. இது தனியாள் விண்ணப்பிக்கிற காரியம் அல்ல, உற்பத்தியாளர்கள் குழுவாகச் சேர வேண்டும். யுனெஸ்கோ பட்டியலும், நாட்டின் தனிச்சிறப்புகளைப் போற்ற 2012-இல் வந்த ஹங்கேரிகும் சட்டத்தின் கீழான பட்டியலும் பெருமை தரும். ஆனால் நகலெடுப்பவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் உரிமையை யுனெஸ்கோ பட்டியல் தராது. இந்த வேறுபாடு தெரியாமல் பலர் யுனெஸ்கோ பெயரை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரி, விற்பனை

ஹங்கேரியில் தனிநபர் தொழில் தொடங்குவது எளிது. வரி முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கட்டா என்று ஒரு முறை 2013-இல் வந்தது. மாதம் 50,000 ஃபோரிண்ட் கட்டினால் போதும். கைவினைக்காரர்களுக்கு வரப்பிரசாதமாக இருந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் அதை இறுக்கிவிட்டார்கள். இப்போது முழுநேரத் தனிநபர் தொழில்முனைவோர் மட்டும்தான், அதுவும் தனிமனிதர்களுக்கு மட்டும் விற்பவராக இருந்தால்தான், அதில் இருக்க முடியும். ஒரு விடுதிக்கோ அருங்காட்சியகக் கடைக்கோ பில் போட்டால் தகுதி போய்விடும்.

கைவினைத் தொழிலில் இதன் விளைவு பெரியது. சந்தையில் நின்று நேரே விற்பவருக்குக் கட்டா பொருந்தும். கடைகளுக்குக் கொடுத்து விற்க நினைப்பவர் வருமானத்தில் ஒரு பங்கைச் செலவாகக் கழித்து மீதிக்கு வரி கட்டும் முறைக்குப் போக வேண்டும். நான் முதல் சில ஆண்டுகளுக்கு நேர் விற்பனையையே பரிந்துரைப்பேன். வரிக்காக மட்டும் அல்ல. கடைக்காரர் வழக்கமாக விலையில் பாதியை எதிர்பார்க்கிறார். நம் 14,000 ஃபோரிண்ட் டி-ஷர்ட் அங்கே 28,000 ஆகிவிடும். மதிப்புக் கூட்டு வரி அங்கே 27 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக அதிகம். ஆண்டு வரவு 1 கோடியே 80 லட்சம் ஃபோரிண்டுக்குள் இருந்தால் விலக்கு கேட்கலாம் என்று 2025-இல் வரம்பை உயர்த்தினார்கள், 2026-இல் அது 2 கோடி ஆனது. நம் விலையில் அது ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் டி-ஷர்ட். ஒரு சிறுதொழிலுக்கு அந்த எல்லை தாராளம்.

நேர் விற்பனைக்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆகஸ்ட் 20 தேசிய நாளை ஒட்டிப் புடா கோட்டையில் நடக்கும் கைவினைத் திருவிழாவுக்கு 1980-களிலிருந்து வரலாறு உண்டு. அங்கே வருபவர்கள் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அல்ல. மெஸோகோவெஷ்ட்டை ஒட்டியே ஜோரி வெந்நீர்க் குளியல் இருக்கிறது. எண்ணெய் தேடித் தோண்டியபோது வெந்நீர் வந்த இடம். குளியலுக்கு வருபவர்கள் மெதுவாக, விடுமுறை மனநிலையில் நடப்பவர்கள். ஹடஷ் பகுதியில் கைவினைப் பட்டறைகளைப் பார்க்கவும் வருகிறார்கள். ஒரு பெண் அவர்கள் கண்முன் உட்கார்ந்து தைத்தால், ஏன் இந்த விலை என்ற கேள்வியே எழாது.

இணையத்தில் மெஷ்கா என்ற ஹங்கேரியக் கைவினைத் தளம் உள்ளூருக்கு, எட்ஸி வெளிநாட்டுக்கு. எட்ஸியில் அமெரிக்க வாடிக்கையாளரை நம்பித் தொடங்குபவர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். 800 டாலருக்குக் குறைந்த பொதிகளுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் நீங்கியது. ஐரோப்பாவுக்குள்ளேயே, முக்கியமாக ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற அருகிலுள்ள நாடுகளில் வாடிக்கை தேடுவது பாதுகாப்பு.

வெளியூரார் இதை எடுத்துச் செய்யலாமா

மத்யோ ஊரில் பிறக்காத ஒருவர், புடாபெஸ்டிலோ வேறு நாட்டிலோ இருந்துகொண்டு, இந்தப் பூவேலையால் ஈர்க்கப்பட்டுத் தொழில் தொடங்கலாமா? சட்டப்படி பழைய பூக்கள் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு வரைவுக் கலைஞர் வரைந்த குறிப்பிட்ட வடிவம் அவருடையது. அனுமதியும் பணமும் கொடுக்காமல் அதை எடுக்க முடியாது. புத்தகத்தில், அருங்காட்சியகத்தில், இணையப் படத்தில் இருப்பது எல்லாம் பொதுச் சொத்து என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டத்தைத் தாண்டி என் கருத்து இது. மத்யோ என்ற பெயரில் விற்பதென்றால் வரைவோ தையலோ ஒன்றாவது அந்த மூன்று ஊர்களிலிருந்து வர வேண்டும், அதற்குரிய பணம் அங்கே போக வேண்டும். இரண்டும் வெளியில் என்றால் பூவை நீங்களே புதிதாக வரையுங்கள். நிரப்பும் முறையையும் நிறம் அடுக்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். எங்கே கற்றீர்கள் என்று சொல்லுங்கள், ஆனால் மத்யோ என்று பெயர் வைக்காதீர்கள். ஹலாஷ் லேஸ் 1902-இல் புதிதாகத்தான் பிறந்தது. இன்னொரு புதிய பூவுக்கும் இடம் இருக்கிறது.

இரண்டு வழியில் எதை எடுத்தாலும் லேபிளில் மூன்று செய்திகள் இருக்கட்டும்: வரைந்தவர் பெயர், தைத்தவர் பெயர், தைக்க ஆன நேரம். இதற்கு நான்கு சென்டிமீட்டர் துணிப்பட்டை போதும். பெயர் போட விரும்பாத பாட்டி இருந்தால் ஊர்ப் பெயரைப் போடலாம். நேரத்தை மட்டும் விடக் கூடாது. வாங்குபவர் விலையை அந்த நேரத்தால் வகுத்துப் பார்ப்பார். பார்க்கட்டும், வரும் விடை தைத்தவர் முன்னாலும் சொல்லக்கூடியதாக இருக்கும்படி விலையையும் கூலியையும் வையுங்கள்.